பேஸ் கன்ட்ரோலர் பொதுக்கிடங்கு அன்று

கணினி அறிவியல் துறைகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிகளை மதிப்பிடும் பேராசிரியர்களுக்கும், அவர்கள் சொல்வதை வேதவாக்காகக் கொள்ளும் மாணவர்களுக்கும் இதனை எழுதுகிறேன். பொருள் சிறிது போலத் தோன்றும்: ஒரு வலைச்செயலியில் பல கன்ட்ரோலர்களுக்கு ஒரே தரவு தேவைப்பட்டால், அதனை எடுத்துவரும் நிரலை எங்கே வைப்பது? வாய்மொழித் தேர்வுகளில் இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒரே விடைதான் ஏற்கப்படுகிறது: "பேஸ் கன்ட்ரோலரில் போடு." நான்கு கோப்புகளில் ஒரே ஐந்து வரி தென்பட்டால் மதிப்பெண் குறைகிறது. அவ்வைந்து வரியும் பேஸ் கன்ட்ரோலருக்குள் போய்விட்டால் 'நல்ல வடிவமைப்பு' என்ற பாராட்டு கிடைக்கிறது. இந்த விடை தவறு என்பதே என் வாதம். அழகியல் சார்ந்த சில்லறைத் தவறென்று இதனை ஒதுக்க இயலாது. பிறருடைய மதிப்பெண்ணும் முகவரியும் தொலைபேசி எண்ணும் வேற்றார் கைக்குப் போகக் காரணமாகும் தவறு இது.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க, நாம் அனைவரும் பயன்படுத்தியிருக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுத்துறை இணையதளம். அதில் மதிப்பெண் பட்டியல், ஹால் டிக்கெட், மறுமதிப்பீட்டு விண்ணப்பம், கட்டண ரசீது என நான்கு பக்கங்கள். நான்கிற்கும் தனித்தனிக் கன்ட்ரோலர்கள். ஒவ்வொன்றும் தொடக்கத்தில் செய்வது ஒன்றே. முகவரியிலிருந்து பதிவெண்ணைப் பெறுகிறது. அந்த எண்ணுக்குரிய மாணவரைத் தரவுத்தளத்தில் தேடுகிறது. உள்நுழைந்திருப்பவர் அந்த மாணவர்தானா, அல்லது அவருடைய கல்லூரியின் அலுவலரா என்று பார்க்கிறது. நடப்புப் பருவத்தின் பாடங்களைச் சேர்த்தெடுக்கிறது. ஆள் இல்லையென்றால் 'காணப்படவில்லை' என்று திருப்பியனுப்புகிறது. இந்த ஐந்து செயல்களில் நான்கு வெறும் வேலை. மூன்றாவது மட்டும் ஒரு தீர்ப்பு: யார், யாருடைய விவரத்தைப் பார்க்கலாம் என்ற தீர்ப்பு. தரவெடுப்பு நிரலைப் பற்றிய விவாதம் எதுவாயினும், இந்த மூன்றாவது செயலை மறந்துவிட்டால் வீண்.

அந்த ஐந்து வரிகளை நான்கு கோப்புகளில் நகலெடுத்து வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஒரு மாணவர் இடையில் கல்லூரி மாறுகிறார் என்று கொள்வோம். பழைய கல்லூரியின் அலுவலர் இனி அவர் விவரத்தைக் காணக்கூடாது என்று விதி மாறுகிறது. மூன்று கோப்புகள் திருத்தப்படுகின்றன. நான்காவது எவர் கண்ணிலும் படாமல் பழைய விதியுடனே கிடக்கிறது. அந்த நான்காவது கோப்பு எந்தப் பிழைச் செய்தியும் தராது, எந்தப் பக்கத்தையும் உடைக்காது. காணக்கூடாதவர் கேட்டாலும் விவரத்தை எடுத்துத் தந்துகொண்டே இருக்கும். ஆகவே நகல் தீது என்று சொல்வோர் சொல்வது சரி. அதற்கு அவர்கள் காட்டும் காரணமும் தரும் மருந்துமே தவறு.

காரணத்தை முதலில் பார்ப்போம். மீண்டும் எழுதாதே என்ற நெறி நம் வகுப்பறைகளுக்கு வந்த வழி, ஆண்டி ஹன்ட்டும் டேவ் தாமஸும் 1999-இல் வெளியிட்ட 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' என்னும் நூல். அந்நூல் பேசியது வரிகளைப் பற்றியன்று, அறிவைப் பற்றி: ஓர் அமைப்பில் ஒவ்வோர் அறிவுக்கூறுக்கும் ஒரே இருப்பிடம் வேண்டும் என்பது அதன் கருத்து. பலர் அதனை வெறும் நகல்வரித் தடையாகப் புரிந்துகொண்டதைக் கண்டு, 2019-இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் ஆசிரியர்களே அதை விளக்கித் திருத்தி எழுதினார்கள். நாமோ இன்றும் வரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். நகல் நிரலைக் கண்டறியும் கருவி காட்டும் விழுக்காட்டையே தரத்தின் அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வேடுகள் நம்மிடையே உண்டு. நகல்கள் யாவும் தீங்கல்ல, சில தெரிந்தே எடுத்த நல்ல முடிவுகள் என்று காப்சரும் காட்ஃப்ரியும் 2006-லேயே ஒரு கட்டுரை எழுதி வாதிட்டார்கள். அதனை மேற்கோள் காட்டுவோர் பலர், உள்வாங்கியோர் சிலர்.

இனி மருந்து. ரூபி ஆன் ரெயில்ஸில் அது பெரும்பாலும் இப்படித்தான் வரும். எல்லாக் கன்ட்ரோலர்களும் ஒரே தாய்க் கிளாஸிலிருந்து மரபுரிமை பெறுகின்றன. அந்தத் தாய்க் கிளாஸில் மாணவரை எடுத்து அனுமதியையும் சரிபார்க்கும் ஒரு மெத்தட் வைக்கப்படுகிறது. ஒவ்வொரு கன்ட்ரோலரின் தலையிலும் 'பிஃபோர் ஆக்‌ஷன்' என்ற ஒரு வரி எழுதி, இன்னின்ன செயல்களுக்கு முன் அது ஓடவேண்டும் என்று 'ஒன்லி' பட்டியல் தரப்படுகிறது. மெத்தட் ஓடி முடிந்ததும் மாணவர் விவரம் ஓர் இன்ஸ்டன்ஸ் மாறியில் வந்து அமர்கிறது. கீழே உள்ள செயலும் பக்கமும் அந்த மாறியை எடுத்தாள்கின்றன. பார்க்க மிகத் தூய்மையாக இருக்கிறது. மாறி எங்கிருந்து வந்தது என்று அந்தச் செயலை மட்டும் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்பதே அத்தூய்மையின் விலை.

இதனால் ஒழுகல் எப்படி உண்டாகிறது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். இடம் இதுதான். ஆறு மாதம் கழித்து மதிப்பெண் பட்டியலைக் கோப்பாகத் தரவிறக்கும் வசதி கேட்கிறார்கள். புதிதாக வந்த ஒருவர் கன்ட்ரோலரில் ஒரு புதுச் செயலைச் சேர்க்கிறார். 'ஒன்லி' பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பட்டியல் நூறு வரிக்கு மேலே, திரைக்கு வெளியே கிடக்கிறது. ஓட்டிப் பார்க்கிறார். மாறி வெறுமையாக இருக்கிறது என்று பிழை வருகிறது. இதுவரை தீங்கு ஏதுமில்லை. அமைப்பு அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தது. ஆனால் பிழையைப் போக்க அவர் செய்வது என்ன? பதிவெண்ணைக் கொண்டு மாணவரை நேரே எடுக்கும் ஒற்றை வரியை அங்கேயே எழுதுகிறார். பிழை மறைகிறது, கோப்பு இறங்குகிறது, சோதனையும் வெற்றி. அனுமதி பார்க்கும் தீர்ப்பு தாய்க் கிளாஸில் உறங்குகிறது. முகவரியில் பதிவெண்ணை ஒன்று கூட்டிப் போடும் எவரும் அடுத்தவர் மதிப்பெண்ணை இறக்கிக்கொள்ளலாம். அந்தப் புதியவரைக் கவனக்குறைவானவர் என்று ஏசுவது எளிது. தீர்ப்பைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தவரை ஏசுவதே முறை.

இரண்டாவது கேடு மெல்ல வளர்வது. மதிப்பெண் பக்கத்துக்குப் பாடங்களும் தரநிலையும் வேண்டும். ஹால் டிக்கெட்டுக்குப் புகைப்படமும் தேர்வு மையமும் வேண்டும். ரசீதுக்கு நிலுவைத் தொகை வேண்டும். பொதுமெத்தட் ஒன்றே என்பதால், ஒன்று அது எல்லாவற்றையும் எல்லாருக்கும் எடுத்துவரும். அல்லது இது வேண்டும், அது வேண்டாம் என்று ஆறேழு குறிகளைப் பெற்று உள்ளே கிளைகளாகப் பிரியும். முதலாவதில் தேவையற்ற வினவல்கள் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஓடுகின்றன. இரண்டாவதில் அம்மெத்தட்டைத் தொட எவருக்கும் துணிவு வருவதில்லை. போதாக்குறைக்கு, ஒரு மாணவருக்கென எழுதிய பொதுமெத்தட்டை வகுப்புப் பட்டியலிலும் சுழற்சிக்குள் வைத்துப் பயன்படுத்துவார்கள். 60 பேர் கொண்ட வகுப்பில் பட்டியலுக்கு 1 வினவல், ஒவ்வொருவர் பாடங்களுக்கும் 1 வினவல் என மொத்தம் 61. பாடங்களை முன்கூட்டியே சேர்த்தெடுத்திருந்தால் 2 வினவல்கள் போதும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தளம் படுத்துவிட்டது என்று வழங்கியைப் பழிக்கும் முன், இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, இந்த நிரல் வலைக்கு வெளியே பயன்படாது. ஹால் டிக்கெட்டுகளை இரவோடிரவாக மொத்தமாக உருவாக்கும் பின்னணிப் பணியில் முகவரி இல்லை, செஷன் இல்லை, கன்ட்ரோலரே இல்லை. ஆனால் அதற்கும் அதே மாணவர்கள், அதே பாடங்கள், அதே விதிகள் தேவை. கன்ட்ரோலருக்குள் பூட்டிய நிரலை அங்கே கூப்பிட முடியாததால், ஐந்தாவது நகல் பிறக்கிறது. நகலை ஒழிக்கப் புறப்பட்ட வழியே நகலில் வந்து நிற்கிறது.

"அப்படியானால் மரபுரிமையை விட்டு, டிரெயிட்டாகவோ கன்சர்னாகவோ வைத்தால்?" என்று ஒரு மறுமொழி உடனே வரும். ரெயில்ஸின் 4-ஆம் பதிப்பு, 2013-இல், கன்சர்ன்களுக்கென்று தனிக் கோப்புறையையே புதுச் செயலிகளில் உருவாக்கித் தந்தது. அது முதல் இது ஒரு வழக்கமாகிவிட்டது. கோப்பு மாறியதே ஒழியக் குணம் மாறவில்லை. அந்த டிரெயிட்டும் தன்னை ஏற்கும் கிளாஸில் கோரிக்கையின் அளவுருக்களும், உள்நுழைந்தவரைத் தரும் மெத்தட்டும் இருக்கும் என்று சொல்லாமலே எதிர்பார்க்கிறது. அதே மாறியில் அதே மறைவோடு விவரத்தை வைக்கிறது. வீட்டுச் சாமானை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தள்ளிவிட்டு வீட்டை ஒழுங்குசெய்ததாகச் சொல்வதற்கு இது நிகர்.

இத்தகைய பிரிப்பு ஏன் தோற்கும் என்பதை டேவிட் பார்னஸ் 1972-லேயே சொல்லிவிட்டார். ஒரு மென்பொருளைக் கூறுகளாகப் பிரிக்கும்போது எந்த அளவுகோலைக் கொள்வது என்பது அவர் கட்டுரையின் கேள்வி. செயல் நடக்கும் வரிசையைப் பார்த்து, முதற்படி ஒரு கூறு, இரண்டாம்படி ஒரு கூறு என்று பிரிப்பது பெரும்பாலும் தவறு. மாறக்கூடிய ஒவ்வொரு வடிவமைப்பு முடிவையும் ஒரு கூற்றுக்குள் மறைத்து வைக்கவேண்டும் என்பது அவர் விடை. பிஃபோர் ஆக்‌ஷன் சங்கிலியை இந்த ஒளியில் பாருங்கள். முதலில் ஆளை அடையாளம் காண், பிறகு மாணவரை எடு, பிறகு பருவத்தை எடு, பிறகு செயலைச் செய்: நடக்கும் வரிசைதான் அங்கே கூறுகளாகியிருக்கிறது. 'யார் எதைப் பார்க்கலாம்' என்ற முடிவுக்கு அங்கே சொந்தமாக ஒரு வீடு இல்லை. அது வழிநடையில் எங்கோ ஒரு படியில் குந்தியிருக்கிறது. பார்னஸின் கட்டுரையைப் பாடத்திட்டத்தில் வைத்துவிட்டு, ஆய்வகத்தில் அதற்கு நேர்மாறானதைப் பாராட்டும் துறைகளுக்கு என்ன பெயர் வைப்பது?

சரி, எங்கே வைப்பது? தரவெடுப்பை அதற்குரிய பெயருடன், கன்ட்ரோலருக்கு வெளியே, மாடலின் பக்கத்தில் வையுங்கள். 'இந்தப் பார்வையாளர் காணத்தக்க மாணவர்கள்' என்பது ஒரு வினவல். அது பார்வையாளரைக் கையில் கொடுக்காமல் கூப்பிட இயலாத ஒரு வினவலாக இருக்கட்டும். பதிவெண் தேடல் அந்த வினவலின் முடிவுக்குள்தான் நடக்கவேண்டும். ஜாங்கோவில் இதற்கென மாடலின் மேனேஜரில் ஒரு மெத்தட் எழுதலாம். 'கெட் ஆப்ஜெக்ட் ஆர் 404' என்ற குறுக்குவழி, முழு மாடலை மட்டுமின்றி இப்படி வடிகட்டிய வினவலையும் ஏற்கும். ரெயில்ஸில் உள்நுழைந்தவரிலிருந்தே தொடங்கி அவருக்குரிய மாணவர்களுக்குள் தேடலாம். லாராவெலில் மாடலின் ஸ்கோப்பாக எழுதலாம். அனுமதியற்றவர் கேட்டால், தடுக்கவென்று தனியாக ஒரு சோதனையும் தேவையில்லை. அவருக்கு அந்த மாணவர் இல்லவே இல்லை. தீர்ப்பும் தரவெடுப்பும் ஒன்றாகிவிட்டபின், ஒன்றை மறந்து மற்றொன்றைச் செய்ய வழி இல்லை.

பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும் தேவைகளும் இங்கே தொல்லை தரமாட்டா. மதிப்பெண் கன்ட்ரோலர் இந்த வினவலின் மேல் பாடங்களைச் சேர்த்துக்கொள்ளும். ஹால் டிக்கெட் கன்ட்ரோலர் தேர்வு மையத்தைச் சேர்த்துக்கொள்ளும். பின்னணிப் பணி தேர்வுத்துறையையே பார்வையாளராகக் கொடுத்து முழுப் பட்டியலையும் பெறும். கல்லூரி மாறிய மாணவர் பற்றிய விதி ஓரிடத்தில் திருத்தப்படும். சோதிக்க வலைக் கோரிக்கை ஒன்றை ஜோடிக்க வேண்டியதில்லை. ஒரு பார்வையாளரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துச் சில நொடிகளில் சோதித்துவிடலாம்.

"ஆனால் நான்கு கன்ட்ரோலர்களிலும் அந்த ஒரு வரி திரும்ப வருகிறதே, இதுவும் நகல்தானே?" இல்லை. அழைப்பு வேறு, நகல் வேறு. ஒரே நூலகத்துக்கு நால்வர் போவதால் நூலகம் நான்காகிவிடாது. அந்த வரியில் விதி எதுவும் எழுதப்படவில்லை. விதி இருக்கும் இடத்தின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செயலையும் படிப்பவர்க்கு, இங்கே எந்தத் தரவு, யார் பேரில் எடுக்கப்படுகிறது என்பதை அது சொல்கிறது. அந்த ஒரு வரியையும் மிச்சப்படுத்த முனைவது, கடிதத்தில் முகவரி எழுதும் சிரமத்தை மிச்சப்படுத்துவது போன்றது.

"ஒருவர் அந்த வரியை எழுத மறந்து, நேரே மாடலைக் கூப்பிட்டால்?" இதுவே வலுவான மறுப்பு, இதற்கு நேர்மையான விடை வேண்டும். மறதியை எந்த வடிவமைப்பும் ஒழிக்காது. கேள்வி, மறதி கண்ணில் படுமா என்பதே. கன்ட்ரோலர் கோப்புறைக்குள் மாணவர் மாடலை நேரே தேடும் வரி எதுவும் இருக்கக்கூடாது என்று விதித்துவிட்டால், அதனைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சொல்தேடல் போதும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அது தானே ஓடட்டும். பேஸ் கன்ட்ரோலர் முறையில் இது இயலாது. அங்கே தவறானது 'ஒன்லி' பட்டியலில் ஒரு பெயர் இல்லாமை. இல்லாத ஒன்றைத் தேடும் கருவிக்கு, இருக்கவேண்டியது எது என்று முதலில் யாரோ சொல்லித்தரவேண்டும்.

பேஸ் கன்ட்ரோலரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்திருப்பவர் யார், அவர் செஷன் உயிரோடிருக்கிறதா, எந்த மொழியில் பக்கம் தரவேண்டும், படிவம் போலியா என்பவை எல்லாக் கோரிக்கைக்கும் பொது. அவை அங்கேயே இருக்கட்டும். ஆனால் வந்தவர் எதைக் கேட்கிறார் என்பது அந்தந்தச் செயலின் பொறுப்பு. இந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான் தாய்க் கிளாஸ், வீட்டில் இடமில்லாதவற்றையெல்லாம் ஏற்றிவைக்கும் பரணாகிறது. 2024-இல் வந்த லாராவெல் 11, பேஸ் கன்ட்ரோலரை ஏறக்குறைய வெறுங்கிளாஸாகவே தருகிறது என்பதையும் நம் பாடநூல் எழுதுவோர் கவனிக்கலாம்.

இவ்வளவு சூடு எதற்கு என்று கேட்போருக்கு: ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் வலைப் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில், அணுகல் கட்டுப்பாட்டுக் குறை 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்து 2021-இல் முதலிடத்துக்கு வந்தது. ஏபிஐகளுக்கான அதன் தனிப் பட்டியலில், 2019-லும் 2023-லும், எண்ணை மாற்றிப் பிறர் பொருளை எடுக்கும் குறையே முதலிடம். 2017-இல் மெக்டொனால்ட்ஸ் இந்தியாவின் உணவு விநியோகச் செயலியில், வரிசையான வாடிக்கையாளர் எண்களைக் கொண்டே 22 லட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்களை எடுக்க முடிந்தது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 2019-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில், முகவரியில் ஆவண எண்ணை மாற்றினாலே பிறர் ஆவணம் திறந்தது. வெளிப்பட்டுக் கிடந்தவை சுமார் 88.5 கோடிக் கோப்புகள். இவ்விரண்டும் பேஸ் கன்ட்ரோலரால் நேர்ந்தவை என்று நான் வாதிடவில்லை. எடுக்கும் செயலும் அனுமதி பார்க்கும் செயலும் பிரிந்து நின்றால் விளைவு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கே இவற்றைச் சொல்கிறேன். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. நம்மிடம் பயின்றவர்கள்தாம் நாளை அந்த ஏற்பாடுகளைச் செய்யப்போகிறார்கள், செய்யாமலும் விடப்போகிறார்கள்.

வேர் வகுப்பறையில் இருக்கிறது. மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று மூன்று கட்டம் வரைந்து அம்புக்குறி போட்டால் பாடம் முடிந்தது. டிரிக்வே ரீன்ஸ்காக் 1979-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் அந்தப் பிரிப்பை வகுத்தபோது அவர் முன் இருந்தது வலைச்செயலி அன்று. ஒருவர் தம் திரைமுன் அமர்ந்து இயக்கும் கணினி. பதிவெண்ணை மாற்றிக் கேட்கும் அந்நியர் என்ற பேச்சே அங்கு எழ இடமில்லை. அந்தப் படத்தை அப்படியே வலைக்குக் கொண்டுவந்த நாம், 'யார் பேரில் எடுக்கிறோம்' என்ற நான்காவது கேள்வியைச் சேர்க்க மறந்துவிட்டோம். மாணவர் திட்டப்பணிகளில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஏனெனில் செய்துகாட்டும் நாளில் உள்நுழைவது ஒரே ஒருவர், அவரும் நிர்வாகி.

ஆகவே மதிப்பிடும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த வாய்மொழித் தேர்வில், இந்த வரி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்பதை விடுங்கள். இரண்டு மாணவர் கணக்குகளை உருவாக்கச் சொல்லுங்கள். ஒருவராக உள்நுழைந்து மற்றவர் எண்ணை முகவரியில் இடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு தரவிறக்கத்திலும் செய்யச் சொல்லுங்கள். பிறகு, இதைத் தடுத்த விதி எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டும் மாணவருக்கு மதிப்பெண் கொடுங்கள், அவருடைய கன்ட்ரோலர்களில் ஒரு வரி நான்கு முறை வந்தாலும். மாணவர்களிடம் கேட்பது இன்னும் சிறிது: தேர்வாளர் இக்கேள்வியைக் கேட்காவிட்டாலும், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுப்போர் எழுதலாம், வரவேற்கிறேன். மறுப்புடன் உங்கள் செயலியின் 'ஒன்லி' பட்டியலையும், அதில் இடம்பெறாத செயல்களின் பெயர்களையும் சேர்த்து எழுதினால், பேச இருவருக்கும் வசதியாக இருக்கும்.